தோட்டத்து வீடுகளில் அனல்: தகரத்துக்குக் கீழே ஒரு தடுப்பு



போர்டிக்சன் என்றதும் கோலாலம்பூர்வாசிகளுக்கு நினைவுக்கு வருவது கடற்கரையும் ஹோட்டலும் சனி, ஞாயிறு விடுமுறையும்தான். கடலை விட்டுச் சற்று உள்ளே போனால் லுக்குட், சிலியாவ், லிங்கி என்று வேறொரு போர்டிக்சன் இருக்கிறது. செம்பனைக்கு நடுவே, பால்மரக் காலத்தில் கட்டிய வீடுகள். பாதிச் சுவர் கல், மீதி பலகை, மேலே தகரம் அல்லது அஸ்பெஸ்டாஸ் ஓடு. இந்தக் கூரைகளைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

பிற்பகல் இரண்டு மணிக்கு அப்படியொரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். வெளியே மர நிழலில் 33 டிகிரி. வானிலை இலாகா முதல்நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்க வேண்டுமானால் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட வேண்டும். ஆகவே எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனால் கூரைத் தகரம் அந்நேரத்தில் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதற்கு எட்டடி கீழே பாயில் ஒரு பாட்டி படுத்திருக்கிறார், தொட்டிலில் பேரக்குழந்தை. விடியற்காலையில் வேலைக்குப் போன மகன் திரும்பி வந்து உடம்பைக் கிடத்துவதும் அந்த நேரத்தில்தான். உழைத்தவன் ஓய்வெடுக்கும் வேளையும் வீடு அதிகமாகக் கொதிக்கும் வேளையும் ஒன்றாக இருக்கின்றன. சளி, இருமல், ரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் சொல்லிக்கொள்கிறார்களே தவிர, வீட்டுக் கூரையைப் பற்றி யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

முன்பு இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொடக்க கால லயங்கள் பலவற்றுக்கு அத்தாப்புக் கூரைதான். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் வரிசையாக அறைகள். வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஓலையை அடுக்கடுக்காகக் கட்டும்போது நடுவில் காற்று சிறைப்படும். அந்தக் காற்றுதான் வெயிலைத் தடுத்தது. அத்தாப்பு சில ஆண்டுகளில் மக்கும், தீப்பிடிக்கும், பூச்சி பொட்டு அடையும். அதனால் தகரம் வந்தது. தகரம் மழையை நிறுத்தியது, வெயிலை நிறுத்தவில்லை. மலாய் கம்பத்து வீடுகளுக்காவது தூண் உயரமும் சுற்றிலும் சன்னலும் இருந்தன. லயத்துக்கு அதுவும் கிடையாது.

வெப்பத் தடுப்பு என்ற சொல்லைக் கேட்டால் பலர் அது குளிர் நாட்டு விவகாரம் என்று நினைக்கிறார்கள். குளிர் நாட்டில் அது பெரிய விவகாரம்தான். கனடாவின் சமவெளியில் ரெஜைனா நகரில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி போகும். தடுக்க மலை இல்லாததால் காற்று வேறு. அங்கே 1977-ல் சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்றொரு சோதனை வீட்டைக் கட்டினார்கள். கூரையிலும் சுவரிலும் தடிப்பாகப் பஞ்சடைத்து, காற்று புக ஊசி முனை இடைவெளியும் விடாமல் மூடிய வீடு. பின்னர் உலகெங்கும் வந்த குறைந்த எரிபொருள் வீடுகளுக்கு அது ஒரு முன்னோடி. அங்கே வீட்டுச் சூடு வெளியே போகக் கூடாது, இங்கே கூரைச் சூடு உள்ளே வரக் கூடாது. பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் அவர்கள் செய்வதுபோல் நாலாபக்கமும் மூடிவிட்டால் இங்கே வீடு புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வேறுபாட்டை மறந்துதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

அனல் எப்படி உள்ளே வருகிறது? சின்னச் சோதனை ஒன்று போதும். மதியம் தகரத்துக்கு நேர் கீழே நின்று, தலைக்கு மேலே ஒரு தட்டையோ மடித்த செய்தித்தாளையோ பிடித்துப் பாருங்கள். உடனே முகத்தில் ஒரு தணிவு தெரியும். காற்றின் சூடு மாறவில்லை. கூரையிலிருந்து நேராக இறங்கிய கதிர் வெப்பம் மறைபட்டது, அவ்வளவுதான். கூரை வழியாக வரும் சூட்டில் பெரும்பங்கு இந்தக் கதிர்தான். காற்றாடியால் இதை ஒன்றும் செய்ய முடியாது. தகரத்தின் அடியில் தேங்கிய சூட்டுக் காற்றைத் தலைமேல் தள்ளிவிடும், மின் கட்டணமும் ஏறும்.

கதிரைத் தடுக்க மலிவான பொருள் அலுமினியத் தாள். ஹார்ட்வேர் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. பளபளக்கும் அலுமினியம் தன்மேல் விழும் கதிர் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: தாளுக்கும் தகரத்துக்கும் இடையில் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டி அடித்தால் சூடு நேரே தாளுக்குக் கடந்துவிடும், வேலை பாழ். கைமரங்களின் அடிப்பக்கத்தில் அடித்தால் இடைவெளி தானாகக் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு உள்ள தாளானால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசு படிந்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். கீழே பார்த்தால் எப்படி வேலை செய்யும் என்று கேட்பார்கள். பளபளப்பான பரப்பு கதிரைத் திருப்புவதோடு, தான் சூடானாலும் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும். அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் பலன் உண்டு.

இன்னும் கொஞ்சம் வசதியிருந்தால் சீலிங் மேல் ராக்வுல் எனும் பாறைப் பஞ்சை நான்கு அங்குலத் தடிப்பில் விரிக்கலாம். மலேசியாவின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 2012-ல் சேர்க்கப்பட்ட 38ஏ விதி, இலகுவான கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 0.4 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பிறகே அது அங்கே நடைமுறைக்கு வரும். வெறும் தகரம் விடுவது ஏறத்தாழ 5 வாட், அதாவது பன்னிரண்டு மடங்கு. பழைய தோட்டத்து வீடுகள் இந்த விதிக்கு முன்பே கட்டப்பட்டவை. அவற்றை யாரும் வந்து அளக்கப் போவதில்லை.

இந்தத் தடுப்பால் வேறொரு பலனும் உண்டு. விடியற்காலையில் மழையே இல்லாமல் தகரத்திலிருந்து நீர் சொட்டும். ஓட்டை என்று நினைத்துத் தார் பூசிக்கொண்டிருப்பார்கள். இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் வீட்டுக்குள் உள்ள ஈரக் காற்று அதில் பனித்துச் சொட்டுகிறது. தாள் அடித்த வீட்டில் அந்தச் சொட்டு பாய்க்கு வராது.

ஆனால் தாள் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஆணியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவின் பக்கம் இரவில் திரளும் இடிமழைத் தொடர், நீரிணையைக் கடந்து விடியும் நேரத்தில் இந்தக் கரையில் மோதும். சுமத்ரா காற்று என்று மீனவர்களும் தோட்டத்து மக்களும் அறிந்ததுதான். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். அப்போது தகரம் பறப்பது ஏன் என்றால், அதை அன்றாட வெயில் முன்கூட்டியே தளர்த்தி வைத்திருக்கிறது. பத்தடித் தகரம் 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். ஆண்டுக்கு 365 முறை இப்படி இழுபட்டால் ஆணித் துளை அகன்றுவிடும். கூரையின் ஓரத்திலும் முகட்டிலும்தான் காற்று அதிகமாகத் தூக்கும். அங்கே பழைய ஆணியை எடுத்துவிட்டு ரப்பர் வாசர் வைத்த திருகாணி போட வேண்டும். தாளை அடித்த பிறகு கீழிருந்து இந்த ஆணிகள் கண்ணுக்குத் தெரியாது.

மழைச்சாரல் அடிக்கிறது என்று கூரையோரத்துக் காற்றுத் துளைகளைப் பலகை வைத்து அடைக்கும் வழக்கமும் இருக்கிறது. வேண்டாம். சூட்டுக் காற்று வெளியேற அதுதான் வழி. சாய்வான பட்டிகள் வைத்தால் சாரல் நிற்கும், காற்று போகும். மேற்குச் சுவரும் கவனிக்க வேண்டியது. ஒற்றைக்கல் சுவரில் மூன்று மணிக்கு அடித்த வெயில் இரவு ஏழு மணி வாக்கில்தான் உள்பக்கம் வந்து சேரும். வெளியே ஒரு மூங்கில் திரையோ நாலு வாழையோ போதும்.

இனி ஆபத்தான பகுதிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 2009-ல் அரசாங்கச் செலவில் வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு போடும் திட்டம் அவசரம் அவசரமாகத் தொடங்கியது. வேலை செய்த இளைஞர்கள் நால்வர் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் சூடு தாங்காமல். அலுமினியத் தாளை உலோக ஊசியால் அடித்தபோது ஊசி மின்கம்பியில் இறங்கியதும் நடந்தது. 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பழைய தோட்டத்து வீடுகளின் மின்கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மெயின் சுவிட்சை அடைக்காமல் யாரும் ஏறக் கூடாது. கம்பி எங்கே ஓடுகிறது என்று மின் வயர்மேன் பார்த்த பிறகே ஆணி அடிக்க வேண்டும். ஏறுவதும் காலை வேளையில்தான்.

கூரை அஸ்பெஸ்டாஸ் ஆனால் இன்னும் கவனம். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது, துளை போடுவது, அறுப்பது மூன்றும் கூடாது. அதிலிருந்து பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். உடையாத ஓட்டைச் சீண்டாமல் விட்டுவிட்டு, கீழே தனியாக மரச்சட்டம் கட்டி அதில் தாளை அடிக்கலாம்.

தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு என்ற எளிய வழியும் உண்டு. இந்தியாவில் அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் திட்டத்தை எடுத்தது. துருப்பிடித்த தகரம் வெயிலைக் குடிக்கும், வெள்ளைத் தகரம் திருப்பி அனுப்பும். இந்நாட்டு மழைக்குப் பாசி ஏறுமென்பதால் சில ஆண்டுக்கொரு முறை மறுபூச்சு வேண்டியிருக்கும்.

இவ்வளவும் யார் செலவில்? அந்தக் கேள்வியில்தான் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. வீடு தோட்டத்துடையது. வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டியதுதான். நாளை விட்டுப் போகும் வீட்டுக்கு இன்று ஏன் காசு போட வேண்டும் என்று அப்பா சொல்வார். அந்த நாளை வருவதற்குள் அம்மா அந்தக் கூரைக்குக் கீழே இருபது வருடம் படுத்துவிடுவார். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், தொழிலாளருக்குத் தரும் வீட்டை நல்ல நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளியிடம் வைத்திருக்கிறது. தளர்ந்த தகரமும் உடைந்த ஓடும் அந்தக் கடமைக்குள் வரும். ஆகவே ஆணியும் ஓடும் நிர்வாகத்தின் கணக்கு. அதற்கான மனுவைக் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

அலுமினியத் தாளும் மரச்சட்டமும் குடும்பத்தின் கணக்கு என்று வைத்துக்கொண்டாலும், கூரையில் கை வைக்கும் முன் நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். சட்டத்தை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் பூட்டினால், வீடு மாறும் நாளில் கழற்றி லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். எல்லா அறைக்கும் ஒரே மாதத்தில் முடியாதவர்கள் பாட்டி படுக்கும் அறையிலிருந்து தொடங்கட்டும்.