மெஷின் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள்

(தோட்டக் கிளையின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இப்போது பல லயங்களில் சீனி பார்க்கும் மெஷின் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கி அனுப்புகிறார்கள். ஒரு காம்பராவுக்கு வந்தால் லயமே விரலை நீட்டுகிறது. இலக்கம் கூடுதலாக வந்தால் சிலர் பயந்து சோற்றை நிறுத்துகிறார்கள். சிலர் "ஒரு நாள் பேர் போய்விடும்" என்று கிளினிக்குக்குப் போகாமல் மறைக்கிறார்கள். இன்னும் சிலர் அடுத்த வீட்டு மாமியின் மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். மூன்றுமே ஆபத்து.

கொழுந்துத் தராசில் சந்தேகம் வந்தால் மறுபடி நிறுக்கச் சொல்கிறோம் அல்லவா? இந்த மெஷினும் ஒரு தராசுதான். நல்ல மெஷினுக்கே நூற்றுக்கு 15 வரை கூடிக் குறைய இடமுண்டு. 130 காட்டினால் உண்மை அளவு 110 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம்.

நாம் பார்க்கும் விதத்திலும் பிழை வரும். சீனியோ வெல்லமோ தொட்ட விரலில் குத்தினால் இலக்கம் ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பட்டிகள் இருக்கும் டப்பாவைத் திறந்து வைத்தால் நமது மழைக் குளிரில் ஈரம் பிடித்துவிடும். திகதி முடிந்த பட்டியும் வேண்டாம். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சீனித் தேத்தண்ணி குடித்திருந்தால் அது வெறும் வயிறு ஆகாது. எட்டு மணித்தியாலம் தண்ணீர் மட்டும்தான். ரொட்டி சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்தில் நோயில்லாதவருக்கும் சீனி ஏறும். காய்ச்சல் நேரத்திலும் ஏறலாம்.

முக்கியமாக, ஒருவர் குத்திய ஊசியால் மற்றவர் குத்தவே கூடாது. இரத்தத்தால் பரவும் மஞ்சள்காமாலை அப்படித் தொற்றும்.

சரி, எது நோய்? நாளத்தில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. உடம்பில் அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 6.5 எல்லை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது பிழையாகக் கூட்டிக் காட்டலாம். இரத்தசோகை உள்ள பெண்கள் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

"மலை ஏறி இறங்குகிற எங்களுக்கு ஏன் சீனி வியாதி?" என்று கேட்கிறீர்கள். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. அதற்கு மேல் மூன்று வேளையும் மாவும் சோறும். தாய் தகப்பனுக்கு இருந்தால் நமக்கும் வர வாய்ப்புக் கூட. ஆனால் எச்சரிக்கை நிலையில் கண்டுபிடித்தால், சாப்பாட்டை மாற்றி எடையைக் குறைத்து நோயைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தடுக்கவும் முடியும். கண்ணும் சிறுநீரகமும் காலும் கெட்டபின் தெரிந்து என்ன பயன்?

அடுத்த வீட்டு மாத்திரையைத் தொடாதீர்கள். சில மாத்திரைகள் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். சரிவில் கொழுந்து எடுக்கும்போது தலைசுற்றினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காத்திருக்கக்கூடாத நேரமும் உண்டு. 200க்கு மேல் காட்டி, தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இருந்தால் உடனே டொக்டரைப் பாருங்கள். வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கும் இது வரும். வகுப்பில் ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப வெளியே போகக் கேட்டு, மெலிந்தும் போனால் ஆசிரியர்கள் நாங்கள் அதட்டக் கூடாது, வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், என்ன சாப்பிட்டது. எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். கொப்பியோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே காசு இல்லை. 35 வயது தாண்டியவர்கள் வருத்தம் இல்லாவிட்டாலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரத்தம் கொடுக்கப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது, வருடம் ஒருமுறை பரிசோதனை தோட்டத்துக்கே வர வேண்டும். இந்த இரண்டையும் கிளையின் தீர்மானமாக எழுதித் துரையிடம் கொடுப்போம். கையெழுத்துப் போட எல்லோரும் வாருங்கள்.