மலையைக் கடந்த மூவரும், அவர் வழியே சென்றவரும்



முன்பு ஒருவர் நடந்த வழியிலேயே பின்வந்தவர்கள் நடந்து பார்த்து, அதைப் படமாக எடுத்துக் காட்டுவதுண்டு. அத்தகைய இரண்டு பயணங்களையும், அவற்றுக்கு மூலமான பழைய பயணத்தையும் பற்றி இன்று நாம் அறிந்துகொள்வோம்.

தென் அமெரிக்காவின் கீழ்முனைக்குக் கிழக்கே, குளிர் கடலில், தெற்கு ஜார்ஜியா என்னும் தீவு இருக்கிறது. அதன் நடுவே பனி மூடிய மலைகள் உள்ளன. 1916ஆம் ஆண்டில் அம்மலைகளுக்கு வரைபடம் கிடையாது. வடகரையில் மட்டும் திமிங்கல வேட்டைத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள்.

அண்டார்க்டிகாக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டவர் எர்னஸ்ட் ஷேக்கில்டன். அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் உறைந்த கடலில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. கப்பலில் இருந்த 28 பேரும் பனிக்கட்டியின்மேல் பல மாதம் தங்கி, பின்பு சிறு படகுகளில் ஆளில்லாத எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கே 22 பேரை விட்டுவிட்டு, உதவி தேடி ஐந்து பேருடன் ஷேக்கில்டன் ஏப்ரல் 24இல் மீண்டும் கடலில் இறங்கினார். ஏறத்தாழ 800 மைல் கடந்து, 16 நாளில் தெற்கு ஜார்ஜியாவைச் சேர்ந்தார். சேர்ந்ததோ தென்கரை! தொழிலாளர்கள் இருந்ததோ மலைகளுக்கு அப்பால்.

மூவரைப் படகருகே விட்டு, ஷேக்கில்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் ஆகியோர் மலையேறினார்கள். மலையேற அவர்களிடம் இருந்த கருவிகள் 50 அடிக் கயிறும் தச்சரின் வாய்ச்சியுமே. வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் திருகாணிகளைப் பதித்துக்கொண்டார்கள். கூடாரம் இல்லை. ஓரிடத்தில் இருள் சூழ்ந்தபோது, நின்றால் உறைந்து சாவோம் என்று, கயிற்றைச் சுருட்டி அதன்மேல் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து சரிவில் சறுக்கினார்கள். பின்னர் ஓய்வெடுத்தபோது இருவர் கண்ணயர்ந்தனர். தானும் தூங்கினால் எவரும் எழமாட்டோம் என்பதை உணர்ந்த தலைவர், ஐந்தே நிமிடத்தில் அவர்களை எழுப்பி, அரைமணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்கொலி கேட்டது. திமிங்கல நிலையத் தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் ஒலி அது. தோட்டத்துச் சங்கிற்கு எழுந்து பழகிய குடும்பங்களுக்கு அதன் பொருள் விளங்கும். அம்மூவருக்கோ அது உயிரின் குரல்! 36 மணி நேர நடை முடிவை நெருங்கியது.

2000ஆம் ஆண்டில் மெஸ்னர், வெனபிள்ஸ், ஆங்கர் என்னும் கைதேர்ந்த மலையேறிகள் அவ்வழியே சென்றார்கள். இவர்களுள் மெஸ்னர் உயிர்வாயுக் குப்பியின்றி எவரெஸ்டை ஏறியவர். அப்பயணம் பெருந்திரைப் படமாக 2001இல் வெளிவந்தது. 2013இல் டிம் ஜார்விஸ் குழுவினர் பழைய படகைப் போன்றே ஒன்றைக் கட்டி, பழைய முறை உடையும் உணவுமாகக் கடலைக் கடந்தார்கள். ஈரமும் குளிரும் காலைக் கெடுத்ததால், அறுவரில் மூவரால் மலையேற இயலவில்லை. அதுவும் படமாயிற்று.

பழைய உடையை மீண்டும் தைக்கலாம். பழைய படகையும் மீண்டும் கட்டலாம். 1916க்குப் பின் தீவின் பனியாறுகள் பெரிதும் சுருங்கிவிட்டதால், அன்றைய மலையை அப்படியே திரும்பக் காண முடியாது. இன்னொன்றையும் திரும்பப் பெற முடியாது. பின்வந்தவர்கள் விரும்பினால் பயணத்தை நிறுத்தியிருக்கலாம். முதல் மூவர் நின்றிருந்தால், எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரைத் தேடி யார் வருவார்?

மூன்று முறை முயன்றும் கடற்பனி வழிவிடவில்லை. 1916 ஆகஸ்டு 30இல், சிலி நாட்டுக் கப்பலான யெல்சோ எலிஃபண்ட் தீவை நெருங்கியது. கரையில் நின்றவர்களை ஷேக்கில்டன் ஒவ்வொருவராக எண்ணினார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதை நாம் அறிவோம். அன்று அந்தக் கணக்கில் ஒரு பேர்கூடக் குறையவில்லை.