டயர் செய்யும் தீர்ப்பு



ஓசூர் டீக்கடையில் பந்தயம் என்று வாயெடுத்தால் பைக் பேச்சுதான் வரும். வராமல் என்ன செய்யும்? இந்த ஊர் பைக் கம்பெனியின் டி.வி.எஸ். ரேசிங் 1982இல் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே வண்டியைக் கொடுத்து மோதவிடும் 'ஒன் மேக்' பந்தயத்தை 1994இலிருந்து நடத்துகிறார்கள். ஓசூரில் பிறந்த அப்பாச்சி பைக் ஓடுகிற இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில்தான் கார்களும் ஓடுகின்றன. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை நெடுஞ்சாலையில் போனால் அந்தத் தளம் வந்துவிடும்.

அங்கே ஓடும் டூரிங் கார் என்பது நம் தெருவில் நிற்கிற கார்தான். பின்சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள். இஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் டயரில்தான்.

தேசிய டூரிங் கார் பந்தயத்தில் எம்.ஆர்.எஃப். டயர். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து பிழைப்பைத் தொடங்கிய கம்பெனி! எல்லோருக்கும் ஒரே டயர் என்று வைத்துவிட்டால், காசுள்ளவர் வெளிநாட்டிலிருந்து உசத்தி ரப்பர் இறக்கி முந்த முடியாது. எண்ணிக்கைக்கும் வரம்பு வைப்பது வழக்கம். தகுதிச் சுற்றுக்கு முன்பே அதிகாரிகள் டயரின் பக்கவாட்டில் குறி போட்டுவிடுவார்கள். குறியில்லாத டயரோடு தடத்தில் இறங்கினால் தண்டனை.

காய்ந்த தடத்துக்கு வரிப்பள்ளமே இல்லாத மொழுமொழு 'ஸ்லிக்'. நம் ஊரில் அப்படி டயரோடு போனால் போலீஸ் பிடிக்கும். அங்கே அதுதான் பிடிமானம், ரப்பர் முழுவதும் தரையைத் தொடுவதால். ஆனால் சூடேறினால்தான் ஒட்டும். பந்தயத்துக்கு முன் கார்கள் பாம்பு போல நெளிந்து போவது அதற்குத்தான். சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும். அதைக் கணக்குப் பண்ணி மெக்கானிக் முன்கூட்டியே குறைத்து அடித்திருப்பார். மழை வந்தால் ஸ்லிக் வழுக்கும், பள்ளமுள்ள டயர் வேண்டும். தூறல் நின்றுவிடுமா என்று மேகத்தைப் பார்த்துச் சூதாடுவது தனிக் கலை.

வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்று, பிறகு பந்தயங்கள்: இதுதான் பொதுவான வாரக்கடைசி. பிரிட்டனின் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பான பி.டி.சி.சி.யில் ஞாயிறு ஒன்றிலேயே மூன்று பந்தயம் என்பது பல ஆண்டு வழக்கம். மூன்றாவதில், எத்தனை இடம் என்று சீட்டுக் குலுக்கி, முன்னால் நிற்பவர்களின் வரிசையைத் தலைகீழாக்குவார்கள். மென்மையான டயரை ஒரு பந்தயத்திலாவது போட்டே ஆகவேண்டும் என்ற விதியும் இருந்தது. டி.சி.ஆர். என்ற டூரிங் கார் வகைப் பந்தயங்கள் பலவற்றில் ஜெயித்த காரில் எடை ஏற்றுகிறார்கள். நூறு மார்க் வாங்கியவன் பேனாவைப் பிடுங்குகிற கதை அது, எனக்கு ஒப்பவில்லை. வரிசையைப் புரட்டுவது பரவாயில்லை, முந்தும் திறமையாவது தெரியும்.

இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் முன்டயர்தான் முதலில் தேயும். போய்ப் பார்ப்பவர்கள் கடைசிச் சுற்றுகளில் முதலில் வரும் காரைவிட இரண்டாவது காரைக் கவனியுங்கள். வளைவில் முன்னவர் வண்டி திரும்ப மறுத்து வெளியே தள்ளினால், டயரை அவர் முன்பே தின்று தீர்த்துவிட்டார். பின்னால் வருபவர் அதற்குத்தான் இவ்வளவு நேரம் பொறுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.