தெட்சணாமூர்த்தியின் தவில்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் நெடுந்தூரம் போகுமுன்னரே நெளுக்குளத்தை அடைவர். குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்து வந்த வன்னி ஊர்களுள் அதுவும் ஒன்று. அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர் அவ்வட்டாரத்துக் கோயில்களிலே கொடியேறும், பொங்கல் நடைபெறும், மேள ஒலி வயல்வெளியைக் கடந்து காற்றிலே மிதந்து வரும். அவ்வொலியைக் கேட்டவாறு கோயில் வீதியிலே அமர்ந்திருக்கும் முதியோரிடம் தவிலைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தாற் போதும். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு பெயரிலே வந்து நிற்கும். அப்பெயர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்பது.

அவர் மறைந்தது 1975ஆம் ஆண்டில். அன்று பிறவாதவர்களும் இன்று அவரது வாசிப்பைப் பற்றி வாதாடுகின்றனர். ஒரு பாடகருக்கு இத்தகைய நினைவு வாய்ப்பது இயல்பு; அவரது பாட்டுக்குச் சொல் உண்டு, அச்சொல்லைப் பற்றிக்கொண்டு மக்கள் மனத்திலே இருத்திவிடுவர். நாதஸ்வரக் கலைஞருக்கும் இராகம் துணை நிற்கும். தவிற் கலைஞருக்கோ சொல்லும் இல்லை, இராகமும் இல்லை. அடித்த கணத்திலே தோன்றி அடுத்த கணத்திலே மறையும் ஒலி ஒன்றே அவருடைய செல்வம். அந்த ஒலியை மக்கள் ஐம்பது ஆண்டுகள் காத்து வைத்திருக்கின்றனர் என்றால் அதன் காரணத்தை ஆராய்தல் தகும்.

தெட்சணாமூர்த்தி 1933ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து இணுவிலிலே பிறந்தார். தந்தையார் விசுவலிங்கம் தவில் வித்துவான். பின்னர் அளவெட்டி அவரது வாழிடமாயிற்று. இவ்விரண்டு ஊர்களையும் வெறும் ஊர்ப் பெயர்களாகக் கருதுதல் தவறாகும். இணுவில், அளவெட்டி, வண்ணார்பண்ணை, சாவகச்சேரி ஆகிய இடங்களிலே நாதஸ்வரமும் தவிலும் வீட்டுத் தொழிலாக விளங்கின. அங்கே பிறந்த குழந்தைக்குத் தாலாட்டோடு சொற்கட்டும் காதில் விழும். கைக்கு வலு வருமுன்னரே தாளத்தைக் கையிலே கொடுத்து மேளக் குழுவின் பின்னே நிறுத்திவிடுவர். இரவு முழுவதும் தூக்கத்தோடு போராடிக்கொண்டே தாளம் போடும் அச்சிறுவனே நாளைய வித்துவான். பாடசாலைக்கு ஆசிரியர் வருமுன்னரே அப்பிள்ளை இரண்டு மணி நேரப் பாடத்தை முடித்திருப்பான். சில வேளைகளில் வகுப்பறையிலே தூங்கியும் விடுவான். அதற்காக அவனைத் தண்டித்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தவர் இல்லை.

இந்த மரபின் வேர் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் செல்கிறது. தஞ்சை மாவட்டத்துக் கோயில்களிலே செழித்த பெரிய மேளத்தின் கிளை யாழ்ப்பாணத்திலே வந்து ஊன்றித் தனி மரமாயிற்று. திருவிழா உபயகாரர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தமிழகத்துக் கலைஞர்களை வரவழைத்த காலம் ஒன்று இருந்தது. தனுஷ்கோடியிலே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, புகையிரதத்தில் மதவாச்சிச் சந்திக்கு வந்து, அங்கிருந்து வவுனியா வழியாக வடக்கே செல்வது அன்றைய பாதை. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழியும் வரை அப்பாதையிலே உறையிட்ட தவில்கள் எத்தனையோ பயணம் செய்தன. காருகுறிச்சி அருணாசலம் போன்ற நாதஸ்வர மேதைகளின் வாசிப்பை ஈழத்து மக்கள் நேரே கேட்டறிந்ததும் இத்தொடர்பினாலேயே.

தெட்சணாமூர்த்தி தந்தையாரிடம் தொடங்கிய பயிற்சியை யாழ்ப்பாணத்து ஆசான்களிடம் தொடர்ந்தார். பின்னர்த் தமிழகம் சென்று நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையின் தொடர்பினையும் பெற்றார். இராகவப்பிள்ளை அந்நாளிலே தவிலுலகம் தலைவணங்கிய வித்துவான். தஞ்சையிலிருந்து ஈழத்துக்குக் கற்பிக்க வந்த கலை, ஈழத்து இளைஞர் ஒருவர் கைவழியாகத் தஞ்சைக்கே திரும்பிச் சென்று அங்குள்ளோரை வியக்கச் செய்தது. உலகின் எட்டாவது அதிசயம் என்று அவரைப் புகழ்ந்த மொழி இன்றும் ரசிகர் நாவிலே வழங்குகிறது.

புகழ்மொழி இனிமையானதே. ஆயினும் அதிலே ஒரு குறை உண்டு. அதிசயம் என்று சொல்லிவிட்டால், அது எவ்வாறு நிகழ்ந்தது என்று கேட்க வேண்டிய கடமை நீங்கிவிடுகிறது. தவிலோ கணக்கும் உழைப்பும் சேர்ந்த கலை.

பலா மரத்தைக் குடைந்து செய்த கொட்டு. இரு புறமும் தோல். வலந்தலையை விரல்களிலே கூடுகளை அணிந்து வாசிப்பர். துணியையும் பசையையும் கொண்டு விரலுக்கேற்பச் செய்து, கல்லைப் போல இறுகக் காயவைத்தவை அக்கூடுகள். இடந்தலையைக் குறுங்கழியால் வாசிப்பர். ஒரு பக்கம் மரக்கழி, மறுபக்கம் இறுகிய கூடு. இரண்டும் தோலைத் தாக்குவன. எனவே இக்கருவி இயல்பிலே முரட்டுக் கருவி. திறந்த வெளியிலே, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலே, தேர் வடம் பிடிக்கும் ஆயிரவர் ஆரவாரத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைந்தது. அந்த முரட்டுக் கருவியிலே மென்மையை வரவழைப்பதுதான் அரிது. வேகமாக அடிப்பவர் பலர். வேகத்தின் நடுவிலும் ஒவ்வொரு சொல்லும் கோத்த முத்துப்போலத் தனித்தனியே விழ வாசிப்பவர் சிலர். தெட்சணாமூர்த்தியின் கையைப் பற்றிப் பேசுவோர் முதலிலே கூறுவது இந்தத் தெளிவையே.

அடுத்தது கணக்கு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. மூன்றாகப் பிரித்தால் 24. ஐந்தாகப் பிரித்தால் 40. ஏழாகப் பிரித்தால் 56. திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம் எனப்படும் நடைகள் இவ்வாறு பிறப்பன. ததிகிணதொம் என்னும் சொல்லுக்கு ஐந்து மாத்திரை. அதனை இரட்டித்தால் பத்து. அப்பத்தினை மும்முறை வாசித்தால் முப்பது. இடையிலே ஒவ்வொரு மாத்திரையாக இருமுறை ஓய்ந்தால் முப்பத்திரண்டு. சொல்லும் ஓய்வும் சேர்ந்து, புறப்பட்ட சமத்திலேயே வந்து இறங்குகின்றன. நேயர்கள் இதனைத் தொடையிலே தாளம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். பெரிய வித்துவான் வாசிப்பது இதனினும் பன்மடங்கு சிக்கலானது. ஆயினும் அடிப்படை இதுவே. ஓய்வாக விட்ட அந்த இரண்டு மாத்திரைகளும் இல்லையேல் முப்பது அடிகளும் வழிதவறிப் போகும் என்பது இங்கே நோக்கத்தக்கது.

கோயில் வீதியிலே அமர்ந்திருந்த ரசிகர்களுள் எழுத்தறியாதாரும் இருந்தனர். ஆனால் இந்தக் கணக்கிலே தவறு நேர்ந்தால் அவர்கள் கை உடனே நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலே மேளச் சமா என்று வழங்கும் இராக் கச்சேரிகள் விடியும்வரை நடப்பதுண்டு. பல கூட்டத்து மேளங்கள் ஒரே வீதியிலே கூடும். தவில்கள் மாறி மாறி வினவும், விடை கூறும். கடினமான தீர்மானம் ஒன்று சமத்திலே வந்து இறங்கும்போது கூட்டம் ஒருமிக்க எழுப்பும் ஒலி, பரீட்சையிலே கிடைத்த புள்ளியைப் போன்றது. தெட்சணாமூர்த்தியைப் போற்றிய மக்கள் வெறும் வியப்பினால் போற்றினார்களல்லர். கணக்கைச் சரிபார்த்த பின்னரே போற்றினர். அவ்வாறு சரிபார்க்கும் ஆற்றலை அவர்களுக்குக் கொடுத்ததும், ஆண்டுதோறும் பெயர் தெரியாத மேளகாரர் பலர் வாசித்த அதே கோயில் வீதிதான்.

அவரைப் பற்றிப் பேசுவோர் இன்னொரு சொல்லையும் சேர்த்தே கூறுவர். அடக்கம் என்பது அச்சொல். இதனைக் குணத்தின் பெயராக மட்டும் கொள்ளாமல் வாசிப்பின் பெயராகவும் கொள்ளுதல் பொருந்தும். நாதஸ்வரம் இராகத்தை ஆலாபனை செய்யும்போது தவில் இடைவெளிகளிலே மாத்திரம் நுழைந்து, இராகத்தின் போக்கைக் கெடுக்காமல் விலகவேண்டும். கீர்த்தனையிலே பாடலின் நடையோடு ஒட்டி நடக்கவேண்டும். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையிலே மல்லாரி எழும்; அங்கே பாட்டுக்குச் சொல் இல்லாமையால் தவிலின் சொற்கட்டே முன்னே நின்று சுவாமியை அழைத்து வரும். எங்கே முன்னிற்பது, எங்கே பின்னிற்பது என்பதை அறிந்த கைக்கே தனித்தவில் வாசிக்கும் உரிமை வருகிறது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு தெட்சணாமூர்த்தியின் தவில் சேர்ந்த இரவுகளை மக்கள் ஒன்றாகவே நினைவிலே வைத்திருப்பதற்கு இதுவே காரணம். இரு கலைஞருள் எவர் பெரியவர் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

அடக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. மேளகாரரைக் கோயிலுக்கும் ஊருக்கும் குடிமைத் தொழில் செய்வோராகவே கருதிய சமூக ஒழுங்கு நெடுங்காலம் நிலவிற்று. இரவிலே தலையசைத்து மெய்மறந்தவர்களே பகலிலே அவர்களுக்குச் சரியாசனம் கொடுக்கத் தயங்கினர். கலியாண வீட்டிலே தாலி கட்டும் முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் இன்றியமையாதது. மேளகாரருடைய இருக்கையோ பெரும்பாலும் ஓரத்திலே. பணிந்து நிற்குமாறு பழக்கப்படுத்தப்பட்ட மக்களிடத்தே பணிவைக் கண்டு, அதனைப் பெருங்குணமாகப் புகழ்வது எளிது. தெட்சணாமூர்த்தி போன்ற ஒருவர் செய்த பெரும்பணி இங்கேதான் தெரிகிறது. அவர் வாசிக்கிறார் என்றால் மக்கள் தவிலைக் கேட்பதற்கென்றே வந்தனர். சடங்குக்கு வேண்டிய ஓசையாக இருந்த தவில், கேட்கத்தக்க இசை என்ற நிலைக்கு அவர் கையிலே உயர்ந்தது. அவர் தலைமுறையின் வித்துவான்கள் பலரும் அவ்வுயர்வுக்குத் துணை நின்றனர்.

நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னரே அவர் காலமானார். அவர் வாசித்தவற்றுள் நிலைத்தவை ஒரு சிறு பகுதியே. ரசிகர்கள் நாடாக்களிலே பதிவு செய்த கச்சேரிகள் கையிலிருந்து கைக்கு மாறி, இன்று இணையத்தின் வழியே உலகெங்கும் உலவுகின்றன. ஒலி தேய்ந்திருக்கும், பின்னணியிலே குழந்தையின் அழுகையும் கேட்கும். எனினும் அந்தச் சொற்கட்டின் தெளிவு மங்கவில்லை. அம்ஷன் குமார் அவரைப் பற்றி 2015ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆவணப்படம் இந்தியாவின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளிலே, கலை பண்பாட்டுத் துறைக்குரிய சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பட்டது. ஈழத்துத் தவில் ஒன்றின் கதையைக் கடலுக்கு அப்பாலுள்ளோர் தேடி வந்து படமாக்கியது மகிழ்ச்சிக்குரியது. அப்பணியை இங்குள்ளோர் முன்னரே செய்திருக்கலாகாதா என்ற எண்ணமும் உடன் எழுகிறது.

1995 ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது இணுவிலும் அளவெட்டியும் வெறிச்சோடின. தென்மராட்சிக்கும், அதற்கப்பால் வன்னிக்கும் மக்கள் சென்றனர். பலா மரத் தவில் பாரமானது. உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடுவோர் தூக்கிச் செல்லக்கூடிய பொருளன்று. 2009இலே வன்னியின் உட்புறத்திலிருந்து பேரிழப்போடு வந்தவர்களால் வவுனியாவின் பாடசாலைக் கட்டடங்கள் பல நிரம்பின. இவர்களுக்கு முன்னரே, 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பகுதியிலே குடியேறியோர் பலர். ஆகவே நெளுக்குளம் போன்ற ஊர்களின் சுற்றுவட்டாரத்திலே இன்று ஒரே மாதத்திலே மலையகத்தாரின் தப்பும், அம்மன் கோயில் உடுக்கும், யாழ்ப்பாணத்துத் தவிலும் ஒலிக்கக் கேட்கலாம். மூன்றும் தோற் கருவிகளே. மூன்றினையும் இசைப்போர் தத்தம் ஊரிலே இருக்கை குறைந்தவர்களாகவே இருந்து வந்தனர்.

மிருதங்கம் பயிலும் பிள்ளைகளுக்கு வட இலங்கைச் சங்கீத சபை தரப் பரீட்சை நடத்துகிறது; பெற்றோர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலே மாட்டி வைக்கின்றனர். தவில் பயிலும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தந்தையோ மாமனோதான் ஆசான். கோயில் வீதிதான் பரீட்சை மண்டபம். தெட்சணாமூர்த்தியின் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் வீடுகளிலே, தம் பிள்ளை தவில் பழகவேண்டும் என்று விரும்புவோர் எத்தனை பேர்? மேளத்துக்கு நாள் குறிக்கும்போது விலை பேசுவதிலே காட்டும் கண்டிப்பை, கச்சேரியை இறுதிவரை அமர்ந்து கேட்பதிலே காட்டுவோர் எத்தனை பேர்? சினிமாப் பாட்டு இரண்டு வாசித்தாற் போதும் என்று துண்டுக் கடதாசியிலே எழுதி அனுப்பும் வழக்கமும் இந்நாளிலே பெருகி வருகிறது.

திருவிழா முடிந்த இரவிலே மின்விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, தவிலுக்கு உறையிட்டுக் கொண்டிருப்பார் ஒருவர். அவரருகே தாளத்தைத் துணியிலே சுற்றிக்கொண்டு பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நிற்பான். காலையிலே அவன் பாடசாலைக்குப் போகவேண்டும். மண்டப வாசலிலே தேநீர் கொடுத்துக் கொண்டிருப்போர், மேளகாரருக்கும் கதிரை போடச் சொல்லி இன்னும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.