தட்டுக்கும் பறவைக்கும் ஒரே துப்பாக்கியா?



துப்பாக்கியைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் வியக்கலாம். தில்லியில் வாழும் நம்மவர்கள் ஒரு விடுமுறை நாளில் துக்ளகாபாத்துக்குச் சென்று வந்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக்களுக்கென அமைக்கப்பெற்று, இன்று டாக்டர் கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கும் சுடுகளம் அங்கே இருக்கிறது. பிக்கானீர் மன்னரான அவர் 1962இல் கெய்ரோவில் நடைபெற்ற உலகப் போட்டியில், பறக்கும் தட்டுக்களைச் சுட்டு வெள்ளிப் பதக்கம் கொணர்ந்தவர். 2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்த்தன் சிங் ராத்தோர் ஒலிம்பிக் வெள்ளியையே பெற்றார். 2024இல் பாரிஸுக்குச் சென்ற பிரித்விராஜ் தொண்டைமானோ புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். ஆகவே இக்கலையில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆசை எழுந்தவுடன் பிறக்கும் முதற்கேள்வி, எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பது. அக்கேள்விக்கு விடை கூறுமுன் ஒரு சொல்லை நாம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

செய்தித்தாள்களில் ‘தானியங்கித் துப்பாக்கி’ என்ற தொடரைக் காண்கிறோம். இரு வேறு பொருள்களை அது ஒன்றாகக் குழப்புகிறது. விசையை அழுத்தியிருக்கும் வரை குண்டுகளைப் பொழிந்துகொண்டே இருப்பது தானியங்கி. அது படைவீரருடைய கருவி. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரே தோட்டா வெடித்து, வெற்றுக்கூடு தானே வெளியேறி, அடுத்த தோட்டா தானே அறைக்குள் வந்து அமர்வது அரைத்தானியங்கி. மீண்டும் சுட மீண்டும் விசையை இழுத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ‘அரை’ என்ற ஈரெழுத்தை விட்டுவிட்டால் சட்டமே மாறிவிடும் அல்லவா!

இவ்வகை ரவைத்துப்பாக்கியை வெற்றிபெறச் செய்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங் என்னும் அமெரிக்கர். தாம் அமைத்ததை அவர் முதலில் வின்செஸ்டர் நிறுவனத்தாரிடம் கொண்டு சென்றார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைப்பங்கு வேண்டுமென்று அவர் கேட்க, அவர்கள் மறுத்தனர். பின்னர் ரெமிங்டன் நிறுவனத் தலைவரைக் காணச் சென்று காத்திருந்த வேளையில், அத்தலைவர் மாரடைப்பால் இறந்தார். அதன்பின் 1902இல் பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் சென்று, ஹெர்ஸ்டால் நகரத்து எஃப்.என். தொழிற்சாலையாரிடம் அதை ஒப்புவித்தார். முதுகில் திமில் போன்ற மேடுடைய அந்த ‘ஆட்டோ-5’ பல பத்தாண்டுகள் உலகெங்கும் விற்பனையாயிற்று. சுடும்போது அதன் குழலே பின்னோக்கிச் சென்று மீளும். கையில் பிடித்திருப்பவர்க்கு அது விந்தையானதோர் அசைவு.

இன்று கடைகளில் உள்ளவை பெரும்பாலும் வேறு இரண்டு முறைகளைச் சார்ந்தவை. முதலாவது, வாயுவால் இயங்குவது. மருந்து வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு சிறு பகுதியைக் குழலிலுள்ள துளைகள் வழியே வாங்கி, ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ளி, அதனால் இயந்திரத்தை நடத்துவது அது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இம்முறைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. உதைப்பு சிறிது நேரத்திற்குப் பரவிவிடுவதால், தோளில் குத்தாகத் தாக்காமல் தள்ளுவதைப் போல உணரப்படும். ஒருநாளில் நூறு தோட்டாக்கள் சுடுபவர்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை மறுநாள் காலையில் அவர் தோளே சொல்லும். குறையும் உண்டு, கரியும் புகையும் உள்ளே படிவதால் அடிக்கடி துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் இயந்திரம் முரண்டு பிடிக்கும்.

இரண்டாவது, நிலைமத்தால் இயங்குவது. இத்தாலியில் உர்பினோ நகரத்துப் பெனெல்லி நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. துப்பாக்கி முழுவதும் பின்னே உதைக்கையில், உள்ளேயிருக்கும் கனத்த போல்ட் பகுதி ஒரு கணம் நின்ற இடத்திலேயே நிற்க முயல்கிறது. இடையிலுள்ள வலிய வில் சுருங்கி விரிந்து, கதவைத் திறந்துவிடுகிறது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்கிறாரே, அதே இயற்கை விதிதான். வாயு உள்ளே புகாததால் அழுக்கு குறைவு; உறுப்புக்களும் எடையும் குறைவு. ஆனால் உதைப்பு முழுதும் தோளுக்கே வரும். மேலும், துப்பாக்கியைத் தளர்வாகப் பிடித்தாலும், மிக இலேசான தோட்டாவை இட்டாலும் சில வேளைகளில் அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடும்.

இங்கேதான் தட்டுக்கும் பறவைக்கும் உள்ள பிணக்கு வெளிப்படுகிறது. தட்டு என்பது 110 மில்லிமீட்டர் குறுக்களவும் 105 கிராம் எடையும் உடையது. ‘களிமண்’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், உண்மையில் அது கீலும் சுண்ணாம்புத்தூளும் கலந்து வார்த்தது. ஒலிம்பிக் விதிப்படி அதைச் சுடும் தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை இருக்கக்கூடாது. எனவே தட்டுச் சுடுவோர்க்குத் தேவை இலேசான தோட்டாவும், அசையாது வீசுவதற்கேற்ற கனமான துப்பாக்கியும். மூன்றரைக் கிலோ இருந்தாலும் நன்றே. வேட்டைக்காரரோ நாள் முழுதும் சேற்றிலும் புதரிலும் சுமந்து நடப்பவர். அவர் மூன்று கிலோவுக்கும் குறைவாக இருக்காதா என்று ஏங்குவார். தோட்டாவோ அவருக்குக் கனமாக வேண்டும். நீர்ப்பறவை வேட்டைக்கு அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் ஈய ரவை கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களிலும் 2023 பிப்ரவரி முதல் அவ்வாறே. நீரடியில் கிடக்கும் ஈயத்தை விழுங்கிப் பறவைகள் மாண்டதே காரணம். ஈயத்தைவிட எஃகு இலேசானது. ஆகவே ரவையைப் பெரிதாக்கி, மூன்றங்குலத் தோட்டாவில் நிரப்புகிறார்கள்.

வெளிநாடு சென்று குடியேறி, அங்குள்ள சட்டப்படி இரண்டையும் செய்ய விரும்பும் பிள்ளை தந்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டால், நாம் சொல்லக்கூடியது இது. பன்னிரண்டு போர், மூன்றங்குல அறை, இருபத்தெட்டு அங்குலக் குழல், வாயு முறை. மூன்றரை அங்குல அறையுடையது எல்லாவற்றுக்கும் உதவும் என்று கடைக்காரர் புகழ்வார். அத்தகையவற்றுட் சில 24 கிராம் தோட்டாவை மதிப்பதில்லை. நடந்து வேட்டையாடுவதே முதன்மை, தட்டு எப்போதாவது ஒருநாள் என்றால் மட்டும் நிலைம முறை சிறந்தது. குழல் வாயிற் பொருத்தும் சோக் எனப்படும் குறுக்கங்கள் மாற்றக்கூடியனவாக இருத்தல் வேண்டும். அண்மையில் பறப்பதற்கு அகன்றதும், தொலைவில் செல்வதற்கு இறுகியதும் பயன்படும். எஃகு ரவையை மிக இறுகிய குறுக்கத்தின் வழியே செலுத்துதல் ஆகாது.

இவையெல்லாவற்றினும் மேலானது பொருத்தம். ரவைத்துப்பாக்கிக்குப் பின்குறி கிடையாது. சுடுபவருடைய கண்ணே பின்குறி. வெறுமையானது என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரர் இசைவுடன், கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திப் பாருங்கள். கண் திறந்ததும் குழலின் மேற்பட்டை நேரே ஓடி, நுனிமணி நடுவே தெரிந்தால் அது உங்களுடையது. கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ தேட வேண்டியிருந்தால், எவ்வளவு புகழ் பெற்ற பெயராயினும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடக்கைக்காரர் தம் கைக்கென்று செய்யப்பட்டதையே கேட்க வேண்டும். இல்லையேல் வெற்றுக்கூடு முகத்தின் குறுக்கே பறக்கும்.

நம் நாட்டின் நிலை வேறு. படைக்கல விதிகள் அரைத்தானியங்கியைச் சாதாரண இரட்டைக்குழலைவிடக் கடுமையான வகுப்பில் வைத்திருக்கின்றன. ஆகவே உரிமம் வழங்கும் அதிகாரியை வினவாமல் எவரிடமும் முன்பணம் தருதல் தகாது. வெளிநாட்டில் வாங்கியதைப் பெட்டியிலிட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பதோ பெருந்துன்பத்தில் முடியும். தட்டுப் போட்டிகளில் அரைத்தானியங்கிக்கு உலக விதிகள் இடம் தந்தும், தேர்ந்த வீரர்கள் மேல்கீழாக அமைந்த இரட்டைக்குழலையே நாடுகின்றனர். இரு குழலுக்கு இருவேறு குறுக்கம் கிடைக்கிறது. மடக்கித் திறந்தால் வெறுமையா அன்றா என்பது பத்தடிக்கு அப்பால் நிற்பவருக்கும் தெரிகிறது. அரைத்தானியங்கியிலோ ஒன்று வெடித்ததும் மற்றொன்று ஓசையின்றி அறைக்குள் ஏறிவிடும். பழகுகிறவர் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இடுவதும், சுட்டு முடித்தவுடன் போல்ட்டைத் திறந்தே வைப்பதும் இதனால்தான் கட்டாயம். காதுக்கவசமும் அப்படியே, 140 டெசிபலுக்கு மேற்பட்ட அந்த ஓசை பறித்த செவிப்புலனை எந்த மருத்துவரும் மீட்டுத் தர இயலாது. ஆகையால் தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ வாழ்பவர் முதலாண்டு முழுவதும் சங்கத்துத் துப்பாக்கியிலேயே பழகுதல் நன்று. வாங்கும் காலம் வரும்போது இரட்டைக்குழலை வாங்கலாம்.

பறவை வேட்டைக்கோ இந்தியாவில் இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வழியை அடைத்துவிட்டன. ஆக்ராவைக் காணச் செல்பவர்கள் அருகிலுள்ள பரத்பூருக்கும் செல்லுங்கள். கேவலாதேவ் பூங்காவிலே பழைய வேட்டைகளின் கணக்கைப் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. 1938 நவம்பரில் அரசப் பிரதிநிதி லின்லித்கோ வந்திருந்த ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273 பறவைகள். அந்த எண்ணைப் படித்துவிட்டுத் திரும்பினால், அதே ஏரியில் குளிர்காலத்து வாத்துக்கள் நீந்துவதைக் காணலாம். அங்கே நாம் தோளில் மாட்டிச் செல்ல வேண்டியது தொலைநோக்கி. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி வேறொரு பேச்சில் கூறுவோம்.