ஜாஸ்: பருத்திக் காட்டில் பிறந்த சங்கீதம்
(தாம்பரத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



ஜாஸ் என்றதும், "அது துரைமார் ஆட்டம், ஹோட்டல் சங்கீதம்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் நடன விருந்துகளில் அதைக் கேட்டவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. மாக்சிம் கார்க்கியே 1928-ல் அதைக் கொழுத்தவர்களின் சங்கீதம் என்று சாடினார். அந்த மேதையும் இந்த விஷயத்தில் தவறினார். கொழுத்தவர்கள் கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் படைத்தவர்கள் யார்?

அமெரிக்கப் பருத்திக் காடுகளில் சவுக்கடிக்குக் கீழே உழைத்த கறுப்பின அடிமைகள் வேலைப் பாட்டுப் பாடினார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடுவார்கள். நம் நடவு வயலிலும் அதே முறைதானே! 1865-ல் அடிமை முறை சட்டத்தில் ஒழிந்தது. வறுமையும் நிறவெறியும் ஒழியவில்லை. அந்த மக்களிடமிருந்து நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் ஜாஸ் உருவானது.

அந்நகரின் ஏழைக் குடியில் 1901-ல் பிறந்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். சிறுவயதில் கரிவண்டியோடு அலைந்தவர்; சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டபோது ஊதுகுழல் கற்றார். 1925-ல் ஐந்தே பேர் கொண்ட கோஷ்டியோடு அவர் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். ஜாஸின் போக்கையே அவை மாற்றின.

சிறு கோஷ்டி எப்படி வாசிக்கிறது? நம் மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்வந்து, அதே மெட்டைத் தம் கற்பனைப்படி விரிக்கிறார்கள். அப்போது மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. தாளமும் சுருதியும் கொடுத்துத் தாங்குகிறார்கள். முடிவில் மறுபடி எல்லாரும் ஒன்று சேர்கிறார்கள். முன்கூட்டி எழுதிவைத்தது கொஞ்சம்; மேடையில் பிறப்பதே அதிகம். அடுத்தவன் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்காதவனுக்கு அங்கே இடமில்லை. 1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோர் இம்முறையை இன்னும் வேகமும் நுட்பமும் கொண்டதாக வளர்த்தார்கள்.

அமெரிக்க அரசு இந்தக் கலைஞர்களையே தன் ஜனநாயகத்துக்கு விளம்பரமாக உலகெங்கும் அனுப்பியது. 1957-ல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் கொதித்தார். அரசுக்காகச் சோவியத் நாட்டுக்குப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

1958-ல் டேவ் புருபெக்கின் நால்வர் கோஷ்டி நம் சென்னைக்கே வந்தது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பில் அவர்கள் சொக்கிப்போய், அவரோடு சேர்ந்தும் வாசித்தார்கள். நால்வரில் யூஜின் ரைட் கறுப்பர். 1960-ல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகள் பல, அவரை நீக்கிவிட்டு வரச் சொல்லின. வெள்ளையரான புருபெக் மறுத்தார். கச்சேரிகள் ரத்தாயின, பணம் போயிற்று, தோழனைக் கைவிடவில்லை!

1963-ல் பர்மிங்ஹாம் நகர மாதா கோவிலில் நிறவெறியர் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். ஜான் கோல்ட்ரேன் தம் நால்வர் கோஷ்டியோடு 'அலபாமா' என்ற இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, அமெரிக்க நிறவெறியைக் கண்டிப்பது சுலபம். நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். மே தின ஊர்வலத்தின் முன்னால் பறையடித்து வருகிறார்களே, அவர்கள் பொதுக்கூட்டம் தொடங்கியதும் எங்கே நிற்கிறார்கள்? பந்தலுக்கு வெளியே, பறையைக் கீழே வைத்துவிட்டு, கூலிக்காகக் காத்து நிற்கிறார்கள். அவர்கள் பெயரைக்கூட நாம் நோட்டீசில் போடுவதில்லை. இது நம் குற்றம்.

அடுத்த கூட்டத்தில் அவர்கள் பெயரை அச்சிடுவோம். மேடையில் அமர்த்தி, அரைமணி நேரமாவது அமைதியாகக் கேட்போம். ஜாஸைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.