மணிச்சத்து எங்கே போகிறது?

மண்ணியல் ஆய்வில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மணிச்சத்துதான். அதைப் பற்றியே பேசுகிறேன்.

நைட்ரஜன் என்னும் தழைச்சத்து காற்றில் கொட்டிக் கிடக்கிறது. பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. பாறை கரைந்து மண்ணுக்கு வருகிறது. பயிர், கால்நடை, மனிதர் என்று சுற்றுகிறது. கடைசியில் ஆற்றோடு போய்க் கடலடியில் படிகிறது. அந்தப் படிவு மறுபடி நிலமாக மேலே வரப் பல கோடி ஆண்டுகள் ஆகும். நாமோ பாறையை வெட்டி உரமாக்கி, அவசர அவசரமாகக் கடலுக்கு அனுப்புகிறோம். உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. நம் நாடு பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது.

நான் படித்த காலத்தில், நீரில் சேரும் மணிச்சத்து என்ன செய்யும் என்பதை விளக்க எங்கள் பேராசிரியர் வகுப்பில் ஒரு படம் காட்டினார். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள 226ஆம் எண் ஏரி. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அதன் குறுகிய நடுப்பகுதியில் திரை கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரு பக்கமும் கரிச்சத்தும் தழைச்சத்தும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பக்கம் பாசி பிடித்துக் கிடந்தது, மறுபக்கம் தெளிந்து கருத்திருந்தது. பாசிக்குக் காரணம் கரிச்சத்துதான் என்று, பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் தயாரித்தவர்கள் தரப்பு வாதாடிய காலம் அது. அங்கே பாஸ்பேட் கட்டுப்பாடுகள் வலுப்பெற அந்தப் படம் பெருந்துணையானது.

ஆனாலும் வயல்வழி வரும் மணிச்சத்து நிற்கவில்லை. 2014இல் ஈரி ஏரியின் பாசி நஞ்சால், அமெரிக்காவின் டொலிடோ வட்டாரத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். முன்பெல்லாம் உழவர்கள் கோடையில் கண்மாய் வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டினார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். ஓடிய சத்து ஊருக்கே திரும்பியது. இன்று நெல்லோடும் காய்கறியோடும் நகரத்துக்குப் போவது சாக்கடையில் இறங்கி, குளத்தில் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது.

50 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. கரிசலில் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது, செம்மண்ணில் இரும்பு. அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் பங்குகூட இல்லை. மீதி மண்ணில் தங்குகிறது. பெருமழையில் மண்ணோடு சேர்ந்து போகிறது. ஏற்கெனவே இருப்பு உள்ள நிலத்திலும் பழக்கத்துக்காக அடியுரம் கொட்டுவது பணத்துக்கும் கேடு, ஏரிக்கும் கேடு.

இன்று பட்டம் பெறும் வேளாண் மாணவர்களே, எத்தனை மூட்டை போடலாம் என்று விவசாயி கேட்டால், மண் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள். நகராட்சிப் பணிக்குப் போகிறவர்கள், கழிவுநீரில் போகும் சத்தை வயலுக்குத் திருப்பும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.